பழைய டெஸ்க்டாப் ரொம்ப ஸ்லோ, புதிதாக வாங்குவதைத் தவிர வழி இருக்கிறதா?

கொலுசு வீட்டுப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் சேலம், செவ்வாய்ப்பேட்டை. வீட்டில் 2016இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ3 சிபியு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஸ்விட்சைப் போட்டுவிட்டு அடுப்படியில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு வந்தால்கூட அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் கணக்கு எழுதும் டேலி மென்பொருளைத் திறந்தால் திரை வெளுத்துப்போய் நின்றுவிடும். அப்பாவுக்குக் கொலுசுத் தொழில், பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் இதில்தான். ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம், மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் புதுசு வாங்கிடுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவ்வளவு பணம் புரட்ட முடியாது. டெம்ப் ஃபைல்களை அழித்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. என்ன செய்யலாம்?

அம்மாபேட்டை:
ஃபார்மேட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்க, பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்க, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும்.

ஐந்து ரோடு சர்வீஸ்:
அவசரப்பட்டு ஃபார்மேட் அடிக்காதீங்கம்மா. கணக்கு இருக்கிற மெஷின், எது இழுக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் பாருங்க. டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், சிபியு சும்மா இருக்கும் என்பது என் கணிப்பு. ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் தட்டு, அதன்மேல் ஒரு ஊசி இடம் தேடி நகர வேண்டும், ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெகண்ட் போல ஆகும். அப்படியென்றால் ஒரு நொடிக்கு நூறு சில்லறை ஃபைல் எடுத்தாலே பெரிய விஷயம். விண்டோஸ் எழுந்து வரும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிறது. இதில் 4 ஜிபி ரேம் நிரம்பியதும் மீதியையும் அதே டிஸ்கில்தான் கொண்டுபோய் எழுதும், அது வேறு சுமை. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது, நொடிக்குப் பல்லாயிரம் எடுக்கும். உங்கள் ஐ3க்கு ஒன்றும் ஆகவில்லை, டேலிக்கும் பிரவுசருக்கும் அது தாராளம். கூடவே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடல்நிலை என்ன நிறம் காட்டுகிறது என்றும் சொல்லுங்க.

கொலுசு வீட்டுப் பெண்:
நீங்கள் சொன்னபடியேதான் அண்ணா. சிபியு 8, மெமரி 86, டிஸ்க் 100. ஆனால் படிக்கிற வேகம் 1 எம்பியைக்கூடத் தாண்டவில்லை, ரெஸ்பான்ஸ் டைம் 3000 மில்லிசெகண்ட் வரை போகிறது. அந்த மென்பொருளில் மஞ்சள் நிறம், காஷன் (எச்சரிக்கை) என்று வருகிறது, சி5 என்ற வரியிலும் மஞ்சள் புள்ளி இருக்கிறது.

ஐந்து ரோடு சர்வீஸ்:
அப்படியென்றால் வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். சி5 மஞ்சள் என்றால் டிஸ்கில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம், அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதில்தான் அந்த 3000. இந்த நிலையில் டிஃபிராக் (ஃபைல்களை அடுக்கி வைப்பது), செக்டிஸ்க் (டிஸ்க் பிழை தேடுவது), ஃபார்மேட் எதையும் ஓட்டாதீங்க, கெட்டுக்கொண்டிருக்கிற டிஸ்கை வேலை வாங்க வாங்க இன்னும் கெடும். இன்றைக்கே டேலியில் பேக்கப் எடுத்து ஒரு பென்டிரைவில் போடுங்க, டேலி டேட்டா ஃபோல்டரையும் அப்படியே தனியாக ஒரு காப்பி. அப்புறம் போட்டோ, சர்டிபிகேட். சினிமாப் படமெல்லாம் கடைசியில், நேரமிருந்தால் பார்க்கலாம். அதன்பிறகு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 256 ஜிபி போதும், அதை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளும் கேட்டு வாங்குங்க, பெட்டியோடு வராது. பழைய டிஸ்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்ய வேண்டாம், விண்டோஸைப் புதிதாகவே போடுங்க. விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, இன்டர்நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஏற்காட்டுப் பனி:
மூடியைக் கழற்றும்போது உள்ளே இருக்கிற தூசியையும் பாருங்க. சேலம் வெயிலில், சிபியு மேலே சூட்டை இழுக்க இருக்கிற ஹீட்சிங்க் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி அடைந்துவிட்டால் சூடு ஏறி சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெயின்ட் பிரஷ் போதும், ஃபேனை மட்டும் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்க. மேலே ஏற்காட்டில் எங்களுக்குத் தூசி கம்மி, ஈரம்தான் எமன். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும், ரேம் பின்கள் கறுத்துப்போய் ஆன் செய்தால் பீப் அடிக்கும். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி அந்தத் தங்க நிறப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். ஒரு விஷயம், யுபிஎஸ் இருக்கிறதா? கணக்கு எழுதும்போது கரண்ட் போனால் எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் டேட்டா கெடும்.

அம்மாபேட்டை:
விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டதே, ஐ3 ஆறாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11ஐக் கொடுக்கவும் மாட்டார்கள். இதில் காசு போடலாமா?

ஐந்து ரோடு சர்வீஸ்:
நியாயமான கேள்வி. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்குப் பிறகு டேலி மட்டும் நெட் இல்லாமல் ஓடட்டும். நாளைக்கே புது மெஷின் வாங்கினாலும் இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், காசு வீணாகாது. ரேமை மட்டும் யோசித்து வாங்குங்க, ஆறாம் தலைமுறையில் சில போர்டுக்கு டிடிஆர்3எல் வகை ரேம், சில போர்டுக்கு டிடிஆர்4 வகை. ஒன்றுக்கொன்று பொருந்தாது, இருக்கிற ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்க.

கொலுசு வீட்டுப் பெண்:
பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது அண்ணா, ரொம்ப நன்றி. யுபிஎஸ் இருக்கிறது, பேட்டரிதான் போய்விட்டது, அதையும் மாற்றச் சொல்கிறேன். டேலி லைசென்ஸ் பழைய டிஸ்கோடு போய்விடுமா?

ஐந்து ரோடு சர்வீஸ்:
போகாது, ஆனால் டிஸ்கைக் கழற்றுவதற்கு முன்னால் டேலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்க, அதாவது இந்த மெஷினிலிருந்து விடுவித்துவிடுங்க. புது விண்டோஸில் அதே சீரியல் நம்பரும், பதிந்த ஈமெயிலும் கொடுத்துத் திரும்ப ஆக்டிவேட் செய்யலாம். அந்த ஈமெயில் பாஸ்வேர்ட் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்க.