ஹோட்டன் சமவெளி மரைக்கு 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா?

தெகிவளைத் தென்றல்:

வணக்கம். பெப்ரவரியில் எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து வான் பிடித்து நுவரெலியா போகிறோம். அதில் ஒரு விடியற்காலை ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு. மற்ற ஏழு பேருக்கும் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று செல்பி எடுக்கவேண்டும். எனக்கு மரை (சாம்பர் மான்) வேண்டும். கொம்புள்ள ஆண் மரை, மூடுபனிக்குள் நிற்பதாக ஒரு படம். சுவரில் மாட்டும் அளவுக்கு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் போதும்.

என்னிடம் இருப்பது பழைய கனன் கமரா. கூடவே 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 150-600 லென்ஸ் வாடகைக்குத் தருகிறார்கள். மூன்று நாள் வாடகையும் முற்பணமும் சேர்த்து அவர்கள் சொன்ன தொகையைக் கேட்ட பிறகு நித்திரை சரியாக வரவில்லை. எடுக்கத்தான் வேண்டுமா?

இன்னொன்று. போன வருடம் என் தம்பி அங்கே போய்ப் படங்கள் எடுத்துவந்தான். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மரை வான் யன்னலுக்கே வந்து மூக்கை நீட்டியிருக்கிறது. இமை மயிரைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஆனாலும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மிருகக்காட்சிசாலையில் எடுத்தது போலவே இருக்கிறது. என்ன குறை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது, கமராவில் என்ன வைப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மலைநாட்டு வான்:

நான் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவன். படமெடுப்பது என் வேலை இல்லை, ஆனால் படமெடுப்பவர்களை நிறையக் கூட்டிப்போயிருக்கிறேன்.

பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் போனால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதை, இருட்டு, மூடுபனி. 4.30க்குப் புறப்பட்டுவிடுங்கள். முன்வரிசையில் நிற்கும் வாகனம்தான் முதலில் உள்ளே போகும். காலை 9, 10 மணியானால் உலக முடிவை மேகம் மூடிவிடும். பிறகு வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். பொலித்தீன் எதுவும் கொண்டுபோகாதீர்கள். வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போங்கள்.

லென்ஸ் பற்றிக் கேட்டால், பெரிய லென்ஸ் கொண்டுவருபவர்கள்தான் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். அவ்வளவு தூரம் போகிறீர்கள், எடுத்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ:

வான்காரத் தம்பி சொன்ன நேரக்கணக்கு சரி. லென்ஸ் விடயத்தில் நான் உடன்படமாட்டேன்.

நான் கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். அடையாள அட்டைப் படம், கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று காலம் போனது. முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து வெளிச்சம் போட்டு எடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பழக்கம் உள்ளவன் என்பதால்தான் சொல்கிறேன், பிள்ளை: மரையை அப்படி எடுக்காதீர்கள்.

தம்பியின் படத்தில் என்ன குறை என்று கேட்டீர்கள். அவர் கமராவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உலக முடிவுக்கான நடைபாதை தொடங்கும் ஃபார் இன் என்ற இடத்தின் தரிப்பிடத்தில் யன்னலுக்கு மூக்கை நீட்டும் மரை, பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் பழகிப்போனது. இறந்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் கண்டெடுக்கப்பட்ட செய்திகளை நம் பத்திரிகைகளில் எல்லோரும் வாசித்தோம்; வாசித்துவிட்டுப் போய் மறுபடியும் பிஸ்கட் நீட்டுகிறோம். அந்த மரை உங்களைப் பார்ப்பது உங்கள் கைக்காக. அதன் முகத்தில் வேறொன்றும் இருக்காது. 600 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தாலும் அதே முகம்தான் இன்னும் பெரிதாக வரும்.

காட்டுமரை வேறு மாதிரி. பகலில் காட்டுக்குள் படுத்து அசைபோடும். வெளிச்சம் மங்கும்போது புல்வெளிக்கு வரும், விடிந்து வெயில் ஏறும்போது திரும்பிவிடும். சிறுத்தைக்கு அங்கே முக்கியமான இரை அதுதான். ஆகவே எவ்வளவு ருசியான புல்லாக இருந்தாலும் ஒரு கண்ணைக் காட்டு விளிம்பில் வைத்துத்தான் மேயும். காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். இந்தச் சந்தேகம்தான் படம். அது தெரியவேண்டுமானால் மரையைச் சுற்றி இடம் வேண்டும்: புல், காட்டின் கறுப்பு விளிம்பு, இரண்டுக்கும் நடுவில் மரை. உங்கள் 55-250 அதற்குத் தாராளம். உங்கள் கமராவின் சிறிய சென்சரில் 250 என்பது முழுச்சட்டக் கமராவின் 400க்குச் சமமான பார்வைக் கோணத்தைத் தரும்.

மூடுபனி வேண்டும் என்கிறீர்கள். அதற்குப் பெரிய லென்ஸ் இன்னும் பகை. உங்களுக்கும் மரைக்கும் இடையில் நூறு மீட்டர் ஈரக்காற்று நின்றால், லென்ஸ் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் இழுத்துக் கொண்டுவரும். மரை சாம்பல் நிறத்தில் தட்டையாக விழும். கொம்பின் விளிம்பு கரைந்துபோகும். இரண்டு கிலோ பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாம்பலை வாங்கிவருவதற்கு வாடகை ஏன்? மூடுபனியில் மரையைச் சிறிதாக வையுங்கள். நிழலுருவாக விழட்டும், கொம்பு இருந்தால் அதுவே பேசும். ஒரு பக்கத்துக்கு மூன்று கிளை, அதற்கு வேறு அலங்காரம் தேவையில்லை.

இடம், நேரம். பூங்கா திறந்து சூரியன் மேலே வரும் வரைக்கும் அரை மணி நேரமளவு இருக்கும். அந்த அரை மணி நேரத்தை எல்லோரும் ஃபார் இன்னுக்கு விரைந்தோடிச் செலவழிக்கிறார்கள். பட்டிப்பொல வாயிலிலிருந்து ஃபார் இன் வரையிலான பாதையில்தான், அரெங்கா குளம், தொட்டுப்பொல மலையடி என்று இரு பக்கப் புல்வெளியிலும் மரை நிற்கும். சாரதியிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். மரை கண்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவேண்டும். யாரும் இறங்கக்கூடாது. வானுக்கு அவை பழகியவை. வானிலிருந்து கால் ஒன்று தரையில் பட்டதும் தலை நிமிரும். ஒரு துணிப்பையில் ஒரு கிலோ பச்சைப்பயறு போட்டு யன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூன்றுகால் தாங்கியைவிட நல்லது, திரும்பிவந்து அவித்துச் சாப்பிடலாம்.

உங்கள் ஏழு பேரும் முணுமுணுப்பார்கள். நியாயம்தான். ஃபார் இன்னிலிருந்து உலக முடிவுக்கு நடக்கவேண்டியது ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினாலும் மேகத்துக்கு முன் போய்விடலாம் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

பின்புலத்தைப் பார்த்து எடுங்கள். ஃபார் இன் சுற்றுவட்டாரத்தில் 1960களில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். பிற நாட்டுப் புல்லும், வெள்ளைக்காரர் கொண்டுவந்த மஞ்சள் பூ கோர்ஸ் முட்புதரும் அந்தப் பக்கத்தில் கண்ணில் படும். மஞ்சள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது அந்த மண்ணுடையது இல்லை. கொத்துக் கொத்தாக நிற்கும் பத்தனைப் புல், கோணலாக வளர்ந்து சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரம், இவை இரண்டும் சட்டத்துக்குள் இருந்தால் பார்த்தவர் எந்த இடம் என்று கேட்கமாட்டார்.

பெப்ரவரி நல்ல மாதம். சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். சூரியன் எதிரே இருக்கும்படி வானை நிறுத்தினால் மரை விடும் மூச்சு வெண்மையாகத் தெரியும். கமராவில் வைக்கவேண்டியது: மூடுபனி வெளிச்சத்தைப் பார்த்து கமராவின் வெளிச்ச மீற்றர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், எனவே வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) மூன்றில் இரண்டு படி அல்லது ஒரு படி கூட்டுங்கள். காட்டின் கறுப்பு விளிம்போடு கபில மரை நின்றால் அதே மீற்றர் எதிர்ப்பக்கம் ஏமாறும், அப்போது குறையுங்கள். விடியலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 1600, 3200 என்று போகப் பயப்படாதீர்கள். கொஞ்சம் மணல் மணலாக இருந்தால் குடி முழுகாது, அசைந்த படம்தான் உதவாது. பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

மரை முன்காலால் தரையில் ஓங்கி மிதித்து, வாலைத் தூக்கி, ஒற்றைக் குரலில் கத்தினால் உடனே கமராவை அது பார்க்கும் திசைக்குத் திருப்புங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் அது சிறுத்தையாக இருக்கும்.

தெகிவளைத் தென்றல்:

ஐயா, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பச்சைப்பயற்றுப் பை பற்றி அம்மாவிடம் சொன்னேன், இப்போதே தைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு சந்தேகம். பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் பத்து அடி போனால் நல்ல கோணம் கிடைக்கும் என்று தம்பி சொல்கிறான். போகலாமா?

கல்கரியில் ஒரு கொழும்பான்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் வெள்ளவத்தைக்காரன், இப்போது கனடாவில் கல்கரியில் இருக்கிறேன். இங்கே பான்ஃப், ஜாஸ்பர் பூங்காக்களில் எல்க் மானைப் படமெடுக்க செப்டெம்பரில் கூட்டம் கூடும். அது அவற்றின் இணைசேரும் காலம். ஆண் எல்க் குழல் ஊதுவதுபோல் கத்திக்கொண்டு திரியும், முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. அந்த நேரத்தில் காரைக்கூட முட்டும். எல்க் மானிலிருந்து குறைந்தது 30 மீட்டர், கரடி ஓநாய் என்றால் 100 மீட்டர் விலகி நிற்கவேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுறுத்தல். தேசியப் பூங்காவில் விலங்குக்குத் தீனி போட்டால் 25,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். ஆகவே இங்கே பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், விலகி நிற்பதற்கு அது உதவுகிறது. ஸ்டூடியோ ஐயா லென்ஸை ஒரேயடியாகத் தள்ளுவது கொஞ்சம் கடுமை.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ:

கல்கரித் தம்பி, விலகி நிற்பதற்காக லென்ஸ் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் பார்ப்பவர்களில் பலர் அதை முகத்தை நிரப்புவதற்காக வாங்குகிறார்கள். மூடுபனி இல்லாத வெயிலில், சொந்தப் பணத்தில் வாங்கிய லென்ஸ் என்றால் நன்றாக எடுக்கட்டும். இந்தப் பிள்ளை நித்திரையில்லாமல் வாடகை கொடுக்கவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

தென்றல், பாதையை விட்டு இறங்காதீர்கள். அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். புல்லுக்குள் நீங்கள் இறங்கினால் மரை காட்டுக்குள் போய்விடும் என்பது உங்கள் தம்பிக்குப் புரியக்கூடிய காரணம்.

முதல் பதிலில் விடுபட்ட ஒன்று: குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். மேலதிகமாக ஒன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள். எட்டுப் பேர் மூச்சுவிடும் வானுக்குள் குளிர்ந்த கமராவோடு ஏறினால் கண்ணாடி வியர்த்துவிடும். ஏறுமுன் பைக்குள் போட்டு மூடுங்கள். கொழும்புக்கு வந்ததும் ஈரத்தோடு அலுமாரியில் பூட்டாதீர்கள். நம் கடற்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க அதிக காலம் தேவையில்லை. சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வையுங்கள்.

தெகிவளைத் தென்றல்:

கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் பட்டிப்பொலவிலேயே ஓர் இரவு கூடுதலாகத் தங்கி மாலையிலும் ஒருமுறை உள்ளே போகலாமா என்று யோசிக்கிறேன். அனுமதிச்சீட்டு மறுபடி எடுக்கவேண்டி வரும், இல்லையா?

மலைநாட்டு வான்:

ஒவ்வொரு தடவைக்கும் புதிய சீட்டு. மாலையில் போவதானால் நேரத்தோடு போங்கள், உள்ளே விடும் கடைசி நேரத்தை முதல்நாளே வாயிலில் கேட்டு வையுங்கள். எந்த நாள் போனாலும் நவம் போயாவை (பெப்ரவரிப் பௌர்ணமியை) ஒட்டிய விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு அந்தப் பாதையில் மரையைவிட வான்கள்தான் அதிகமாக நிற்கும், என்னுடையதும் சேர்த்து.