பாக்டீரியோசினுக்குத் தமிழ்ச்சொல்: 'பகைப்புரதம்'

அன்புடையீர், வணக்கம்.

ஒரு பாக்டீரியா சுரந்து பிற பாக்டீரியாக்களைத் தாக்கும் புரதமான பாக்டீரியோசினுக்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த 'நுண்ணுயிர் எதிர்ப்பி', 'நன்னுயிர்க்கொல்லி', 'இனக்கொல்லி' ஆகிய மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். அந்தப் பொருள் செயல்படும் முறையோடு ஒட்டிப் பார்க்கையில் மூன்றிலும் குறை தென்படுவதால், 'பகைப்புரதம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

'நுண்ணுயிர் எதிர்ப்பி' ஆன்டிபயாடிக்கைக் குறிக்கும் சொல்லாக ஏற்கெனவே வழக்கில் ஊன்றிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. பென்சிலினைப் பூஞ்சை பல நொதிகளைக் கொண்டு படிப்படியாக உருவாக்குகிறது. பாக்டீரியோசினோ மரபணுவின்படி செல்லின் புரதத் தொழிற்கூடமான ரைபோசோமில் கோக்கப்படும் புரதம். புரதம் என்பதால்தான் உணவோடு உள்ளே போகும் நைசின் என்னும் பாக்டீரியோசினை நம் குடல் நொதிகள் சிதைத்துவிடுகின்றன; பதப்படுத்திய பாலாடைக்கட்டியில் 234 என்ற சேர்பொருள் எண்ணோடு அது இடம்பெறுவதற்கு இப்பண்பும் ஒரு காரணம். இவ்வளவு அடிப்படையான இயல்பு பெயரிலேயே தெரிய வேண்டும்.

'நன்னுயிர்க்கொல்லி' என்பதை ஏற்கவே இயலாது. பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்வது போல, இது நல்ல உயிரைக் கொல்வது என்றே படிப்பவர் கொள்வர். தவிரவும், குடல் பாக்டீரியாவான ஈ. கோலையில் நோய் உண்டாக்கும் வகைகளும் கோலிசின் என்னும் பாக்டீரியோசினைச் சுரக்கின்றன; ஆகவே நல்லுயிர் மட்டுமே ஆக்குவது என்றும் இதைச் சொல்ல முடியாது.

தன் இனத்தையே கொல்வது என்ற பொருளில் வரும் 'இனக்கொல்லி' நன்கு சிந்தித்து ஆக்கிய சொல். 1925இல் அறிவியலாளர் ஆந்திரே கிராட்சியா கண்டது ஈ. கோலையின் ஒரு வகை மற்றொரு வகையைக் கொல்வதைத்தான். அந்தப் பொருளே பின்னர் கோலிசின் எனப் பெயர் பெற்றது. ஆனால் பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் நைசின், தன் இனமே அல்லாத லிஸ்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் ஆகிய, உணவு வழி நோய் தரும் பாக்டீரியாக்களையும் தாக்குகிறது. லிஸ்டீரியா படர்ந்து மங்கலாகிவிட்ட அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த்தட்டு) நைசின் இட்ட இடத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல் தெளிந்த வட்டம் விழுவதைப் பார்த்தவர்கள் 'இனம்' என்ற சொல்லைத் தயக்கத்தோடுதான் எழுதுவார்கள்.

'பகை' என்பதை நான் தேர்ந்ததற்குக் காரணம், பகைக்கு எப்போதும் குறிப்பிட்ட ஓர் எதிராளி உண்டு என்பதே. நைசின், செல்சுவர் கட்டப் பயன்படும் லிப்பிடு-2 என்னும் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு எதிரியின் சவ்வில் துளையிடுகிறது. துளை வழியே அயனிகள் கசிந்து செல் மடிகிறது. வெளிச்சவ்வு உடைய கிராம்-எதிர் பாக்டீரியாக்களிடம் அது தனித்து எடுபடுவதில்லை. சுரக்கும் செல்லோ தனக்கென்று காப்புப் புரதங்களையும் உடன் ஆக்கிக்கொண்டு தப்பிவிடுகிறது. யாரிடமும் ஒரே வகையில் செயல்படும் நஞ்சு அன்று இது.

நைசினில் இருப்பவை 34 அமினோ அமிலங்களே. ஆகவே அதைப் பெப்டைடு, அதாவது சிறு அமினோ அமிலத் தொடர், என்பதே சரி என்று மறுப்பு எழலாம். கோலிசின்களில் 500 அமினோ அமிலங்களைத் தாண்டியவையும் உள்ளன. இருசாராரையும் அடக்கும் பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் 'புரதம்' என்பதை அகலமான பொருளில் ஆளலாம் என்பது என் கருத்து; நைசின், கோலிசின் போன்ற தனிப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்வோம்.

அகராதிக்கு நான் பரிந்துரைக்கும் வரையறை: பகைப்புரதம் — ஒரு பாக்டீரியா ரைபோசோம் வழி ஆக்கி வெளியிடுவதும், தன்னைத் தாக்காமல் குறிப்பிட்ட பிற பாக்டீரியாக்களைக் கொல்வதோ அவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதோ ஆன புரதம் அல்லது பெப்டைடு.