16கே ஸ்பெக்ட்ரம் ஒன்றை வாங்கி 48கே ஆக்கிய அனுபவம்

சென்ற ஆண்டு குளிர்காலத்தில், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஒரு மூதாட்டியின் வீட்டு வரவேற்பறையில், இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி ஒன்றை 70 பவுண்டு கொடுத்து வாங்கினேன். வேலை நிமித்தமாக நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பெக்ட்ரம் கணினிகள் இங்கிருந்த டைமெக்ஸ் ஆலையில்தான் தயாராயின என்பதை வந்த பிறகே தெரிந்துகொண்டேன். 1993இல் கடுமையான வேலைநிறுத்தத்துக்குப் பின் மூடப்பட்ட அந்த ஆலையைப் பற்றி இங்குள்ள பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். கணினியை விற்ற அம்மையாரும் அங்கே உற்பத்தி வரிசையில் வேலை செய்தவர். கணினி, காலமாகிவிட்ட அவருடைய தம்பியுடையது. பெட்டியிலிருந்து எடுத்ததும் அதைக் கவிழ்த்து, அடியிலிருந்த ஐந்து திருகுகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். “இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார். புதிதாக வெளிவந்த விளையாட்டுகளை ஆடப் போகிறேன் என்றதும், “இதற்கு இன்னுமா விளையாட்டு எழுதுகிறார்கள்?” என்று உண்மையான வியப்போடு கேட்டார்.

எழுதுகிறார்கள். நான் இந்தக் கணினியை வாங்கியதற்கு ஒரே காரணம் அதுதான். 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் அறிமுகமானபோது நான் பிறந்திருக்கவில்லை, ஆகவே எனக்கு அதில் இளமைக்கால நினைவு எதுவும் கிடையாது. ஹோம்ப்ரூ என்று சொல்லப்படும், தனி மனிதர்களும் சிறு குழுக்களும் ஓய்வு நேரத்தில் எழுதி வெளியிடும் விளையாட்டுகளை முதலில் எமுலேட்டரில், அதாவது பழைய கணினியை இன்றைய கணினியில் போலச் செய்யும் மென்பொருளில்தான் ஆடிப் பார்த்தேன். 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 என்ற செயலி சிப்பையும், 48 கிலோபைட் நினைவகத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு செய்கிறார்களே என்ற மதிப்பு கூடக்கூட, அவர்கள் எந்தக் கருவியை நினைத்து எழுதினார்களோ அந்தக் கருவியிலேயே ஆட வேண்டும் என்ற ஆசையும் வளர்ந்தது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்கு 16கே (16 கிலோபைட் நினைவகம்), 175 பவுண்டுக்கு 48கே என இரு வகைகளில் வந்தது. இரண்டுக்கும் ஒரே கறுப்புப் பெட்டி, ஒரே ரப்பர் விசைகள். வெளியிலிருந்து பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. ஹோம்ப்ரூ விளையாட்டுகள் மிகப் பெரும்பாலும் 48கே அல்லது 128கே கேட்பவை. அம்மையாருக்குத் தம்பி வாங்கியது எந்த வகை என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தபோது, சர்க்யூட் போர்டில் ஐசி 15 முதல் 22 வரை எட்டு சாக்கெட்டுகள் சிப் எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தன. ஆக, என் கையில் இருந்தது 16கே.

பழைய கணினியை வாங்கியவுடன் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வதுதான் இந்த வேலையில் மிகவும் கடினமானது, மிகவும் தேவையானதும் கூட. என்னுடையதோடு அடாப்டர் வரவில்லை. ஸ்பெக்ட்ரமுக்கு ஏற்றது என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு புதிய அடாப்டரை வரவழைத்தேன். ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் இணைப்பில் நடுமுனை எதிர்மின்னாக இருக்க வேண்டும். இன்றைய சாதனங்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, வந்திருந்த அடாப்டரில் நடுமுனை நேர்மின்னாக இருந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார் என்பது வேறு விஷயம், அதை அப்படியே செருகியிருந்தால் பழுதுபார்க்க வேண்டிய பட்டியல் இரு மடங்காகியிருக்கும். நண்பர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், மீட்டரை வைத்து அளக்காமல் எந்த அடாப்டரையும் செருகாதீர்கள்.

சரியான அடாப்டர் கிடைத்ததும் எங்கள் பழைய தொலைக்காட்சியில் யூஎச்எஃப் 36ஆம் சேனலுக்கு டியூன் செய்து இணைத்தேன். 1982 என்ற ஆண்டோடு, ஸ்பெக்ட்ரமை உருவாக்கிய சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய திரையில், கட்டங்களும் கோடுகளும் தாறுமாறாகத் தெரிந்தன. உடனே அணைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஸ்பெக்ட்ரம் வாங்குபவர்களில் பலர் சந்திக்கும் பழுது இதுதான். இதன் முதல் 16 கிலோபைட் நினைவகம் 4116 என்ற எட்டு ராம் சிப்களால் ஆனது. அந்தப் பழைய சிப்களுக்கு +5, +12, −5 என்று மூன்று வகை வோல்ட் தேவை. அடாப்டரிலிருந்து வருவதோ 9 வோல்ட் மட்டுமே. +5ஐ 7805 என்ற ரெகுலேட்டர் தருகிறது, மற்ற இரண்டையும் ஒரு சிறு சுருளும் டிஆர்4, டிஆர்5 என்ற இரு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து போர்டிலேயே உண்டாக்குகின்றன. மின்சாரம் இருக்கும்போதே பின்பக்கத்தில் எதையாவது செருகினாலோ பிடுங்கினாலோ முதலில் அடிபடுவது டிஆர்4. அது போனால் −5 வோல்ட் போகும். அந்த நிலையில் கணினியை ஓடவிட்டால் ராம் சிப்களும் போகும். இந்த எட்டில் எந்தச் சிப்பிலும் 1ஆம் காலில் −5, 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5 இருக்க வேண்டும். நான் அளந்தபோது 9ஆம் காலில் மட்டுமே சரியான அளவு இருந்தது. டிஆர்4, டிஆர்5 இரண்டையும், கூடவே வயதாகிப்போன எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்று வோல்ட்டும் வந்த பிறகும் திரை முழுவதும் சீரான இடைவெளியில் மெல்லிய நிமிர்ந்த கோடுகள் நின்றன.

அந்தக் கோடுகளே எந்தச் சிப் கெட்டது என்பதைக் காட்டிக் கொடுத்தன. எட்டு சிப்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டை மட்டும் வைத்திருக்கும். திரையில் ஒரு பைட் என்பது கிடையாக எட்டுப் புள்ளிகள். ஆகவே ஒரு சிப் கெட்டால், எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு வீதம் திரையின் அகலத்தில் 32 கோடுகள் தெரியும். எட்டில் எத்தனையாவது புள்ளியில் கோடு நிற்கிறதோ அதுதான் கெட்ட பிட். பூதக்கண்ணாடியைத் தொலைக்காட்சியின் மேல் வைத்து இடமிருந்து எண்ணி, ஒரே ஒரு சிப்பை மாற்றியதும், கறுத்து வெளுத்த திரையின் அடியில் அந்தப் பதிப்புரிமை வரி தெளிவாக வந்து நின்றது. எட்டையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது எளிது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்பது வயதான போர்டில் சாலிடரை உருக்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் செப்புத் தடங்கள் பெயர்ந்துவரும் ஆபத்து உண்டு. தொடத் தேவையில்லாததைத் தொடாமல் இருப்பதே போர்டுக்கு நல்லது.

விசைப்பலகையில் எனக்கு நேர்ந்தது நான் எதிர்பார்த்ததுதான். ரப்பர் விசைகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் சவ்வின் இரண்டு நாடாக்களும் காலப்போக்கில் காய்ந்த பனையோலைபோல் ஆகிவிடுகின்றன. மூடியைத் தூக்கிய மாத்திரத்தில் ஒன்று முறிந்தது. நல்ல வேளையாக இந்தச் சவ்வைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஐந்து திருகுகளில் ஒன்றின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்ததால் அதற்கும் வேறொன்று போட வேண்டியிருந்தது.

அடுத்தது நினைவக விரிவாக்கம். எட்டு ராம் சிப்களும் நான்கு சிறு லாஜிக் சிப்களும் சேர்த்தால் 16கே 48கே ஆகிவிடும். என் போர்டில் சாக்கெட்டுகள் இருந்ததால் சாலிடர் வேலை மிகக் குறைவு. சின்க்ளேர் நிறுவனம் அன்று இந்த மேல் 32 கிலோபைட்டுக்குப் பயன்படுத்திய சிப்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அவை உண்மையில் 64 கிலோபிட் சிப்கள். அவற்றில் ஒரு பாதி சோதனையில் தேறாமல் போனதால், தேறிய பாதியை மட்டும் கணக்கில் கொண்டு மலிவாக விற்கப்பட்டவை. எந்தப் பாதி நல்லது என்பதைப் போர்டில் ஒரு சிறு கம்பி இணைப்பால் குறித்துவிடுவார்கள். விலையைக் குறைப்பதற்காக எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! நான் போட்டவை முழுதும் நல்ல 4164 சிப்கள்; ஆனாலும் அந்தக் கம்பி இணைப்பைச் சரியாகப் போட்டே ஆக வேண்டும். இந்தச் சிப்களுக்கு 5 வோல்ட் மட்டும் போதும் என்பதால் கீழ் 16 கிலோபைட்டுக்கு வந்த தொல்லை இவற்றுக்கு வராது.

விரிவாக்கம் வேலை செய்கிறதா என்று அறிய, கணினியிலேயே உள்ள பேசிக் நிரல் மொழியில் ஒரே வரி போதும். 23732, 23733 என்ற இரு முகவரிகளில் நினைவகத்தின் கடைசி முகவரி பதிவாகியிருக்கும். பி விசையை அழுத்தினால் பிரிண்ட் என்ற முழுச் சொல்லும் வந்துவிடும். இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓ விசையைத் தொட்டால், ஒரு முகவரியில் உள்ள மதிப்பைப் படிக்கும் பீக் என்ற கட்டளை வரும். இரண்டாம் முகவரியின் மதிப்பை 256ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டிப் பார்க்க வேண்டும். சிப்களைச் செருகும் முன் 32767 என்று வந்தது. செருகிய பின் 65535. அந்த எண்ணைக் கண்டபோது இரவு ஒரு மணி. அதைச் சொல்லி மகிழ்வதற்கு வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.

படம் தெளிவாகத் தெரிவதற்காக, படத்தைத் தொலைக்காட்சி அலையாக மாற்றும் மாடுலேட்டரைத் தாண்டி காம்போசிட் வீடியோவை நேரடியாக வெளியே எடுத்தேன். ஒரு முனையைக் கழற்றி ஒரு கம்பியைச் சேர்க்கும் வேலைதான். வேண்டும்போது பழையபடி ஆக்கிவிடலாம் என்ற ஒரே காரணத்தால்தான் அதற்கு ஒப்புக்கொண்டேன். வெப்பத்தைக் கக்கும் 7805 ரெகுலேட்டருக்குப் பதிலாகச் சூடாகாத நவீன வகை ஒன்றை வைத்தேன். பெட்டியில் துளை போடும் எந்த மேம்பாட்டையும் நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

விளையாட்டுகளை ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் சில வாரங்கள் கைபேசியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியின் இயர் துளைக்கு ஒரு கம்பியைக் கொடுத்து, கேசட்டில் இருப்பது போன்ற ஒலியாகவே ஏற்றினேன். ஒலி அளவை முழுதாக வைக்க வேண்டும், குறைந்தால் ஏறாது. முதலில் திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர் நீலமுமாகப் பட்டைகள் நிதானமாக நகரும், பிறகு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய பட்டைகள் துடிக்கும். 48கே முழுவதும் ஏற ஐந்து நிமிடம் ஆகும். பிறகு டிவ்எம்எம்சி என்ற எஸ்டி கார்டு இணைப்பை வாங்கினேன். அதன் பட்டனை அழுத்தினால் கார்டில் உள்ள கோப்புகளின் பட்டியல் வரும், தேர்ந்தெடுத்தால் விளையாட்டு உடனே தொடங்கும். கருவிக்குள் இருக்கும், அதை இயக்கும் எஸ்எக்ஸ்டாஸ் மென்பொருளின் பதிப்பும் கார்டில் உள்ள கோப்புகளின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு மாலை முழுவதும் வீணானது அந்தப் பொருத்தம் இல்லாததால்தான். இதைச் செருகும்போதும் கழற்றும்போதும் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும் என்பதை டிஆர்4 பற்றி மேலே சொன்னதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி விளையாட்டுகள். ஸ்பெக்ட்ரம் திரையில் 256க்கு 192 புள்ளிகள், 15 நிறங்கள். ஆனால் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறங்களுக்கு மேல் வர முடியாது. நாயகன் மரத்தைக் கடந்தால் மரமும் அவன் நிறத்துக்கு மாறிவிடும். இன்றைய ஹோம்ப்ரூ ஆசிரியர்களில் பலர் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே நின்று, உருவங்களைக் கட்டத்துக்குப் பொருந்த வரைந்து அழகு காட்டுகிறார்கள். ஸ்பெயினின் மோஹோன் ட்வின்ஸ் குழு தங்கள் ‘சுர்ரேரா’ கருவியைப் பொதுவில் கொடுத்ததாலும், ஜொனாத்தன் கால்ட்வெல் எழுதிய ஆர்க்கேட் கேம் டிசைனர் போன்ற கருவிகளாலும், அசெம்பிளி மொழி அறியாத ஓவியர்களும் முழு விளையாட்டை உருவாக்க முடிகிறது.

வேறு சிலர் அந்தக் கட்டுப்பாட்டையே வென்றிருக்கிறார்கள். திரையின் ஒவ்வொரு கிடைவரியை வரையும்போதும், திரைப் படத்தை உருவாக்கும் யூஎல்ஏ சிப் நிறக் குறிப்பைப் புதிதாகப் படிக்கிறது. ஒரு வரிக்கு அது எடுத்துக்கொள்வது கடிகாரத்தின் 224 துடிப்புகள். அந்த இடைவெளிக்குள் நிறக் குறிப்பை மாற்றிவிட்டால் அதே கட்டத்தில் வேறு நிறங்கள் கிடைக்கும். பிரேசிலின் ஐனார் சௌகாஸ் எழுதிய நிர்வாணா நிரல் இதைச் செய்து, எட்டுக்கு இரண்டு என்ற சிறு கட்டங்களில் நிறம் தருகிறது. படம் வரையப்படும் நேரமெல்லாம் இசட்80 சிப் இந்த ஒரே வேலையில் கட்டுண்டிருக்கும். எதிரிகளை நகர்த்துவது, மோதலைக் கணக்கிடுவது எல்லாம் திரையின் மேல் கீழ் ஓரங்கள் வரையப்படும் சிறு அவகாசத்தில் நடந்தாக வேண்டும். இப்படி எழுதப்பட்ட ஒரு விளையாட்டை, நானே சிப் மாற்றிய கணினியில் முதன்முறை ஓடவிட்டபோது நிறங்கள் ஒரு வரி கூடப் பிசகாமல் நின்றன. 1982இல் செய்த யூஎல்ஏ சிப்பும், இந்த நூற்றாண்டில் எழுதிய நிரலும் ஒரு துடிப்பும் தவறாமல் இணைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விளையாட மறந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. நீங்கள் ஆட விரும்பும் விளையாட்டுகள் 128கே கேட்பவையா என்று முன்பே பாருங்கள். அவையே அதிகம் என்றால் இந்த ரப்பர் விசைக் கணினியை மேம்படுத்துவதைவிட 128 வகையைத் தேடுவது மேல். இந்தியாவில் இருப்பவர்கள், டெசிபெல்ஸ் நிறுவனம் 1980களில் உரிமம் பெற்று விற்ற டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் ஏதேனும் உறவினர் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ற மாதம் அந்த அம்மையாரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். தேநீர் அருந்தியபின் கணினியை இயக்கி, புதிய விளையாட்டு ஒன்றைக் காட்டினேன்; அரை மணி நேரம் அமைதியாக ஆடினார், மூன்றாம் அறையைத் தாண்ட முடியவில்லை. அணைத்துக் கம்பிகளைக் கழற்றியதும் கணினியைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். ஐந்து திருகுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவந்த விரல் ஓரிடத்தில் நின்றது. “இது மட்டும் எங்களுடையது அல்ல” என்றார்.