ஆஸ்திரேலியாவில் முதல் ஓட்டு: "ஓட்டுப் பிரிஞ்சிடும்" பயத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

குடியுரிமை விழாவுக்குத் தேதி வந்துவிட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். விழாவில் சான்றிதழ் வாங்கி, போட்டோ எடுத்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் சட்டப்படி உங்கள் கடமை. ஏ.இ.சி. என்று எல்லோரும் சொல்லும் ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். வீடு மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும். வாடகை வீடு வாடகை வீடாக மாறும் நம் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, வரி எத்தனை வருடம் கட்டியிருந்தாலும். ஒரே விதிவிலக்கு, 1984 ஜனவரி 26-க்கு முன்பே பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் பிரஜைகள். அதற்குப் பிறகு வந்த நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்சி அமையும் விதம் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குப் புதிதல்ல. கீழவையில் 150 இடம். 76 கிடைத்தால் பெரும்பான்மை. அந்தக் கட்சியின் தலைவர் பிரதமர். பிரதமரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, அதனால் கட்சிக்காரர்களே நடுவழியில் ஆளை மாற்றுவார்கள். 2010-இல் ரட்டை, 2015-இல் அபட்டை, 2018-இல் டர்ன்புல்லை என்று வரிசையாக மாற்றினார்கள். கீழவையின் ஆயுள் மூன்றே வருடம், அதற்குள் தேர்தல் தேதியைப் பிரதமர் தேர்வு செய்வார். மேலவையான செனட்டில் 76 பேர். நம் ராஜ்யசபா மாதிரி எம்.எல்.ஏ.க்கள் அனுப்புவது இல்லை, அதற்கும் மக்களே ஓட்டுப் போடுகிறார்கள். விசா, வருமான வரி, மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு எல்லாம் ஃபெடரல், அதாவது மத்திய அரசு. ரயில், பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் மாநில அரசு. ட்ரெயின் லேட் என்று ஃபெடரல் எம்.பி.க்கு மெயில் போட வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் தேர்தல் என்றாலே நமக்கு ஒரு கணக்கு உண்டு: பிடித்த கட்சி சின்னக் கட்சியாக இருந்தால் அதற்குப் போடுவது வீண், வராமல் தடுக்க வேண்டிய ஆளுக்கு எதிராக யார் பலமோ அவருக்குப் போடு. இந்தக் கணக்கோடுதான் இங்கேயும் வந்து நிற்கிறோம். இங்கே அதற்கு வேலையில்லை.

கீழவைக்குப் பச்சை வாக்குச்சீட்டு. அதில் எல்லாப் பெயருக்கும் எதிரே 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். ஒரு தொகுதியில் 100 ஓட்டு, மூன்று பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமுதாவுக்கு 40 பேர், பாலுவுக்கு 35 பேர், செல்விக்கு 25 பேர் '1' போட்டிருக்கிறார்கள். ஊர்க் கணக்குப்படி அமுதா ஜெயித்தாயிற்று, ஸ்வீட் கொடுத்துவிடலாம். இங்கே யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை என்பதால் கடைசியில் இருக்கும் செல்வி விலக்கப்படுவார். அவருடைய 25 சீட்டுகளையும் எடுத்து, '2' யாருக்கு என்று பார்ப்பார்கள். 18 பாலுவுக்கு, 7 அமுதாவுக்கு. இப்போது பாலு 53, அமுதா 47. பாலு எம்.பி.

செல்விக்குப் போட்ட 25 பேரின் ஓட்டு வீணாகவில்லை, யாருடைய ஓட்டையும் பிரிக்கவும் இல்லை. மனசுக்குப் பிடித்தவருக்கு 1, பரவாயில்லை என்பவருக்கு 2, வரவே கூடாது என்பவருக்குக் கடைசி எண். அவ்வளவுதான். 2022-இல் லேபர் கட்சி முதல் விருப்பத்தில், அதாவது '1' ஓட்டில், மூன்றில் ஒரு பங்குகூடப் பெறாமல், அப்போதிருந்த 151-இல் 77 இடம் பிடித்ததை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

இந்த முறை வந்ததற்குக் காரணமே ஓட்டுப் பிரிந்ததுதான். 1918-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் இடைத்தேர்தல். லேபருக்கு எதிரான ஓட்டு இரண்டு கட்சிகளுக்கிடையே சிதற, மூன்றில் ஒரு பங்குச் சொச்சம் ஓட்டோடு லேபரின் எட்வின் கார்பாய் ஜெயித்துவிட்டார், 22 வயதுப் பையன். அடி வாங்கிய அரசு அதே வருடம் சட்டத்தை மாற்றியது. கட்டாய வாக்களிப்பு 1924-இல் வந்தது. 1922-இல் ஓட்டுப் போட்டவர்கள் 60 விழுக்காட்டுக்கும் குறைவு, 1925-இல் 91-ஐத் தாண்டிவிட்டது.

இப்போது நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் ஒரே ஒருவருக்கு '1' மட்டும் போட்டாலும் ஓட்டுச் செல்லும். அந்தப் பழக்கத்தில் ஃபெடரல் பச்சைச் சீட்டில் '1' மட்டும் போட்டுவிட்டு வந்தால் அது செல்லாத ஓட்டு. டிக் போட்டாலும் அப்படித்தான். ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போட்டாலும் போச்சு. குடியேறிகள் அதிகமுள்ள மேற்கு சிட்னித் தொகுதிகள் சிலவற்றில் செல்லாத ஓட்டு 10 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது, நாடு முழுக்க எடுத்தால் 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தப்பாக எழுதிவிட்டால் பதற்றப்படாதீர்கள், பெட்டியில் போடும் முன் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம்.

செனட் சீட்டு வெள்ளை, மேசையில் கொள்ளாத நீளம். குறுக்கே ஒரு தடித்த கோடு. கோட்டுக்கு மேலே கட்சிகள், குறைந்தது 6 எண் போடுங்கள். கீழே தனி நபர்கள், அந்தப் பக்கம் போனால் குறைந்தது 12. ஏதாவது ஒரு பக்கம் மட்டும் போதும்.

வாசலில் கட்சித் தொண்டர்கள் ஆளுக்கொரு காகிதம் நீட்டுவார்கள், எப்படி எண் போடுவது என்று அச்சடித்தது. அது அவர்கள் விருப்பம், அதன்படி போட வேண்டிய கட்டாயம் இல்லை. நுழைவாயிலிலிருந்து ஆறு மீட்டருக்குள் அவர்கள் பிரச்சாரம் செய்யக்கூடாது. உள்ளே போனால் மூன்று கேள்வி: முழுப் பெயர் என்ன, முகவரி என்ன, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டீர்களா? அடையாள அட்டை கேட்பதில்லை, விரலில் மையும் இல்லை. அட்டைத் தடுப்புக்குள் ஒரு பென்சில் இருக்கும். பென்சிலை நம்பாதவர்கள் பேனா கொண்டுபோகலாம், தடையில்லை. தேர்தல் எப்போதும் சனிக்கிழமை, காலை 8 முதல் மாலை 6 வரை. பள்ளிக்கூட வாசலில் நிதி திரட்ட சாஸேஜ் சுட்டு விற்பார்கள். சைவக்காரர்களுக்கு பிரட்டில் வதக்கிய வெங்காயம் கிடைக்கும், குறைத்து மதிப்பிட வேண்டாம்.

பதிவின் கீழே கருத்துகளில் வந்த கேள்விகளுக்குப் பதில்:

"அக்கா, போடாவிட்டால் என்ன செய்வார்கள்?"
ஏன் போடவில்லை என்று கடிதம் வரும். தகுந்த காரணம் எழுதினால் முடிந்தது. இல்லையென்றால் 20 டாலர் அபராதம். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் கோர்ட்டு வரை இழுக்கும். அன்று வெளிநாட்டில் இருந்தது ஏற்கப்படும் காரணம். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே வாக்களிக்கும் மையத்தில் போட்டுவிட்டே விமானம் ஏறலாம்.

"அக்கா, எனக்கு இலங்கை, ஆஸ்திரேலியா ரெண்டு குடியுரிமையும் இருக்கு. பிரச்சினை வருமோ?"
ஓட்டுப் போட ஒரு பிரச்சினையும் இல்லை. ஃபெடரல் தேர்தலில் நிற்கத்தான் முடியாது. அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவு இன்னொரு நாட்டுக் குடியுரிமை உள்ளவரைத் தடுக்கிறது. 2017-இல் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸே அப்பா வழியில் நியூசிலாந்துக் குடிமகன் என்று தெரியவந்து பதவி போனது. அதைத் துறந்துவிட்டு இடைத்தேர்தலில் நின்று திரும்பி வந்தார். தடை இன்னொரு குடியுரிமைக்குத்தான், பூர்வீகத்துக்கு இல்லை: இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளான மிஷெல் ஆனந்தராஜா 2022-இல் மெல்பர்னின் ஹிக்கின்ஸ் தொகுதியில் ஜெயித்தார். தொகுதியே கலைக்கப்பட்டதும் 2025-இல் செனட்டர் ஆனார். எண் போடும் முறை உங்களுக்குப் பழக்கமானதுதான்: 2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பம் எண்ணியது நினைவிருக்கும். அங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரேயடியாக விலக்கினார்கள், இங்கே கீழிருந்து ஒவ்வொருவராக.

"பி.ஆர்.தான் இருக்கு, எம்.பி. ஆபீஸுக்குப் போகலாமா?"
தாராளமாக. ஓட்டு இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் குடியிருக்கிறீர்கள். விசா விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போனால் துறையிடம் விசாரித்துச் சொல்வார்கள். முடிவை மாற்றித்தர மாட்டார்கள், சிபாரிசு என்று நினைத்துப் போகாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை படிவம் 6ஏ கொடுத்து அங்கே வாக்காளராகவும் பதியலாம், ஆனால் ஓட்டை நேரில் போய்த்தான் போட வேண்டும்.

"அம்மாவுக்குப் போன மாசம்தான் குடியுரிமை கிடைத்தது. இங்கிலீஷ் வராது, கூடப் போகலாமா?"
போகலாம் தம்பி. தனியாகப் போட முடியாதவர் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, வேட்பாளர் மட்டும் துணைக்கு வரக்கூடாது. அங்கிருக்கும் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், எண்ணைச் சொல்ல வேண்டியது அம்மா, நீங்கள் இல்லை.