கிணற்று நீரின் பிஎச் மழைக்குப் பின் இறங்கியிருக்கிறது. சோதனையில் ஏன் தெரியவில்லை?

கேள்வி:
முதுகலை ஆய்வுக்காக எங்கள் ஊரின் 10 திறந்த கிணறுகளில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் பிஎச் அளந்தேன். தரவு குறைவு, இயல்நிலைப் பரவலாகவும் தெரியவில்லை. அதனால் மான்–விட்னி சோதனை செய்தேன். பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.43 வந்தது, அதாவது மாற்றம் இருப்பதாகச் சோதனை காட்டவில்லை. ஆனால் 8 கிணறுகளில் பிஎச் இறங்கியிருக்கிறது. ஒன்றில் மாற்றமில்லை, ஒன்றில் மட்டும் 7.1 என்பது 7.4 ஆகியிருக்கிறது. அந்தக் கிணற்றை நீக்கிவிடலாமா? இந்த வாரமே அறிக்கை தர வேண்டும்.

பதில் 1:
தம்பி, மான்–விட்னி ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு கூறுகளுக்கானது. நீங்கள் அதே கிணறுகளைத்தான் இரண்டு முறை அளந்திருக்கிறீர்கள். கிணற்றுக்குக் கிணறு பிஎச் எவ்வளவு மாறுகிறது?

கேட்டவர்:
6.4 முதல் 8.3 வரை, ஐயா. இறக்கம் 0.3ஐத் தாண்டவில்லை.

பதில் 1:
அதுதான் காரணம். கிணறுகளுக்கிடையே அவ்வளவு வேற்றுமை இருக்கும்போது சிறிய இறக்கம் அதற்குள் மறைந்துவிடும். கிணறுவாரியாக வித்தியாசம் எடுத்து, ஏற்றமா இறக்கமா என்பதை மட்டும் எண்ணும் குறிச் சோதனை செய்யுங்கள். மாறாததை விட்டால் 9; அதில் 8 இறக்கம். இருபுறச் சோதனையில் பி மதிப்பு 20/512, அதாவது 0.039.

பதில் 2:
மாற்றங்களை அவற்றின் அளவுப்படி வரிசைப்படுத்தும் வில்காக்சன் குறியிட்ட தரவரிசைச் சோதனையும் இப்படி ஒரே கிணற்றை இருமுறை அளந்த இணைத் தரவுக்கானதே. ஆனால் பிஎச் மடக்கை அளவு (அது 1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்காகும்) என்பதை மறக்காதீர்கள். 7.9 என்பது 7.6 ஆவது 0.3 இறக்கம், 6.6 என்பது 6.4 ஆவது 0.2தான். ஹைட்ரஜன் அயனிச் செறிவில் பார்த்தால் இரண்டாவது மாற்றம் ஏறத்தாழ 12 மடங்கு பெரியது! தரவரிசையே புரண்டுவிடும். குறிச் சோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை. வில்காக்சன் செய்தால், எந்த அளவில் வித்தியாசம் எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

ஏறிய கிணற்றை நீக்காதீர்கள். முடிவைப் பார்த்த பிறகு தரவை நீக்குவது சரியல்ல. அதில் பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். அது காரத்தன்மை உடையது.

கேட்டவர்:
கேட்டேன், அக்கா. நான் அளப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் போட்டிருக்கிறார்கள். மற்ற கிணறுகளில் போடவில்லையாம். 10 கிணறுகளையும் வைத்தே குறிச் சோதனை முடிவை எழுதி, அந்தக் கிணற்றின் கீழ் இதைக் குறிப்பிடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.