புதுப்பிப்பு: நுவரெலியா குளிரிலும் பிரியாத கிரீமி சலாது ட்ரெசிங்

ஹோட்டலில் தருவது மாதிரி கெட்டியான சலாது ட்ரெசிங் செய்தால் எண்ணெய் தனியாகப் பிரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

பலன் தந்தது முட்டையின் குளிரைப் போக்கச் சொன்ன யோசனை. நுவரெலியாவில் வெளியே வைத்த முட்டையும் சில்லென்றுதான் இருக்கும். ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் போட்டேன். ஒரு மஞ்சள் கரு, அரைத்த கடுகு 1 தேக்கரண்டி, வினாகிரி 1 மேசைக்கரண்டி, உப்பு. இதை அடித்துக்கொண்டே 150 மில்லிலீற்றர் சூரியகாந்தி எண்ணெய் விட வேண்டும். ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாகத்தான். நிறம் வெளிறி, கரண்டி போன தடம் அப்படியே நின்றால் மீதியை மெல்லிய தாரையாக ஊற்றலாம். கடுகை விட்டுவிடாதீர்கள், எண்ணெய் பிரியாமல் பிடித்து வைக்க அதுவும் உதவுகிறது. அப்புறம் கொஞ்சம் தயிர், நசுக்கிய பூண்டு, மிளகு.

எதிர்பாராதது தேங்காய் எண்ணெய். ஒருவர் சொன்னபடி அதிலும் செய்தேன். நல்ல மணம், ஆனால் காலையில் கட்டியாக உறைந்திருந்தது. சுமார் 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், ஆகவே மலைநாட்டுக்குச் சரிவராது.

பச்சை முட்டை சேர்ப்பதால் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். சலாது இலையில் ஈரம் இருந்தால் ட்ரெசிங் ஒட்டாது, துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.