31 டெசிபெல்லாம்! போனை எங்கே வைத்து அளந்தீர்கள்?

வெப்பக்குழாய்:
நேற்று அமைதிப்புறா, கணினியின் சிப்பைக் குளிர வைக்கும் ஒரு கூலரின் சோதனையைப் போட்டிருந்தார். "ரைசன் 9 7950எக்ஸ் சிப், அரை மணி நேரம் முழு லோடு, 95 டிகிரி, 31 டெசிபெல். இதைவிட அமைதியான கூலர் கிடையாது." கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. நான் கேட்பது ஒன்றே ஒன்று: சத்தத்தை அளந்த போனை எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்? தூரம் பாதியானால் 6 டெசிபெல் ஏறும். ஒரு மீட்டரில் 31 என்றால் அரை மீட்டரில் 37. தூரம் சொல்லாத டெசிபெல், "எடை ஐந்து" என்பது மாதிரி. ஐந்து கிலோவா, ஐந்து கிராமா?

அமைதிப்புறா:
பக்கத்தில்தான் வைத்தேன். கேட்கப் போவது என் காது. அதற்குத் தொல்லை இல்லை.

வெப்பக்குழாய்:
"பக்கத்தில்" என்றால் எத்தனை சென்டிமீட்டர்?

நட்டுபோல்ட்டு:
தூரத்தை விடுங்கள் அண்ணே. அந்த 95 டிகிரி கூலரின் சாதனையே இல்லை. முழு லோடில் 95 வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் அந்தச் சிப்பை வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல கூலரிலும் பெரும்பாலும் 95, சுமாரானதிலும் 95. மாறுவது சிப் இழுக்கும் வாட்டும், ஓடும் வேகமான கிளாக்கும். 230 வாட் வரை இழுக்கிறதா, 190-லேயே மூச்சு வாங்குகிறதா? அதைப் போடவில்லை. அறை வெப்பநிலையும் இல்லை.

வெப்பக்குழாய்:
அதுவும் தப்புதான். ஆனால் நான் கேட்டது தூரம்.

அமைதிப்புறா:
போன மாதம், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் பற்றிய விவாதத்தில் வாங்கியது இன்னும் எரிகிறது போல.

வெப்பக்குழாய்:
யார் வாங்கியது? பட்டாணி அளவு வைத்தால் ஓரம் வரை பரவாது என்றேன். நீங்களே கூலரைக் கழற்றிப் போட்ட படத்தில் இரண்டு மூலை துடைத்து வைத்த மாதிரி பளபளத்தது. பார்க்காதவர் யாரும் இல்லை. சரி, எத்தனை சென்டிமீட்டர்?

பழையமவுஸ்:
இடையில் ஒரு திருத்தம். டெசிபல் என்று எழுதுவதுதான் முறை.

நட்டுபோல்ட்டு:
கிரகாம் பெல் பெயரிலிருந்து வந்தது ஐயா. அவர் பல் இல்லை.

பழையமவுஸ்:
நக்கல் வேண்டாம். நான் பத்து வருடமாகக் கூலர் மாட்டுகிறவன். என் பழைய கூலர் நிமிடத்துக்கு 1100 சுற்றில் "ங்ங்ங்" என்று கொசு மாதிரி ரீங்கரிக்கும், மீட்டரில் 33. 1300-க்கு ஏற்றினால் மீட்டர் 36 காட்டும், ஆனால் ரீங்காரம் போய்ச் சும்மா காற்றுச் சத்தம். நான் 36-ல்தான் ஓட்டினேன். எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களுக்கு இது புரியாது.

வெப்பக்குழாய்:
அந்த 33 எந்தத் தூரத்தில்?

முதல்பில்டு:
ஒரு சந்தேகம். கணினியை அணைத்துவிட்டு அறையை மட்டும் அளந்தீர்களா?

அமைதிப்புறா:
அளந்தேன். 30.

முதல்பில்டு:
அப்படியானால் 31-ல் கணினியின் பங்கு சுமார் 24 டெசிபெல்தான். டெசிபெல் லாக் (மடக்கை) கணக்கு, நேராகக் கழிக்கக் கூடாது. ஆனால் போன் மைக் ஒரு டெசிபெல் பிசகினாலே இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

அமைதிப்புறா:
24! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். 24!

வெப்பக்குழாய்:
2014-ல் வந்த என்ஹெச்-டி15 கூலருக்கு அதைத் தயாரித்த நாக்டுவாவே 24.6 என்றுதான் போட்டிருக்கிறது. ஐயா அதையும் போனை வைத்தே தோற்கடித்துவிட்டார்! இரண்டு கூலரை ஒப்பிட வேண்டுமானால் ஃபேன் வேகத்தைச் சரிசெய்து இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, அதே வாட்டில் வெப்பநிலை பார்க்க வேண்டும். நீங்கள் ஒரே கூலரை அளந்துவிட்டு "இதைவிட அமைதியானது கிடையாது" என்கிறீர்கள். எதைவிட?

அமைதிப்புறா:
பொறாமையைவிட.

நட்டுபோல்ட்டு:
வாட் எவ்வளவு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அமைதிப்புறா:
நச்சரிப்பு தாங்காமல் டேப் வைத்தே பார்த்துவிட்டேன். 40 சென்டிமீட்டர். அவ்வளவு கிட்டத்திலேயே 31 என்றால், உங்கள் ஒரு மீட்டரில் இன்னும் குறைவுதானே? இப்போது என்ன சொல்கிறீர்கள்?

வெப்பக்குழாய்:
40 சென்டிமீட்டர் கணினிப் பெட்டியிலிருந்தா, கூலரிலிருந்தா?